முதல் மணி நேரமும் அதற்குப் பிறகும்

வீசிங் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஆறு வயதுக் குழந்தை நிமிடத்துக்கு ஐம்பது தடவை மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். 40 என்று வருகிறது. பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் இயல்பான அளவு அதுதான். ஆனாலும் குழந்தைகள் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவர்கள் அந்த எண்ணைக் கண்டதும் அடுத்த மருந்துக்கு ஆயத்தமாவார்கள். அவ்வளவு வேகமாக மூச்சுவிடுகிற குழந்தை கார்பன் டை ஆக்சைடை வாரி வெளியே கொட்டியிருக்க வேண்டும். அளவு 35க்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். இன்னும் 40இல் நிற்கிறது என்றால், படுகிற பாட்டுக்கு ஏற்ற காற்று நகரவில்லை, குழந்தை களைத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். விசில் சத்தமும் இப்படித்தான். நெஞ்சில் 'கீ... கீ...' என்று கேட்கிற வரைக்கும் காற்று எப்படியோ போய் வந்துகொண்டிருக்கிறது. பெற்றோர் அந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார்கள். ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒன்றுமே கேட்காத நெஞ்சுக்குத்தான் டாக்டர்கள் பயப்படுவார்கள்.

வெளித்தோற்றம் ஏமாற்றுவது நோயோடு நிற்கவில்லை, அதற்கான மருந்துகளின் கதையிலும் உண்டு. நோய் கடுமையாகக் கடுமையாக, அதற்கென்று மருத்துவம் வகுத்து வைத்திருக்கும் வழியும் திட்டவட்டமாக இருக்கும் என்றுதான் நாம் நம்புவோம். இங்கே நிலைமை தலைகீழ். முதல் ஒரு மணி நேரத்தில் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டால் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே விடை கிடைக்கும். அதற்கும் மசியாத குழந்தைக்கு அடுத்து என்ன என்று கேட்டால் ஊருக்கு ஒரு விடை.

ஆஸ்துமா முற்றும்போது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கெட்டிச் சளி உள்ளே அடைத்துக்கொள்கிறது. தசை சில நிமிடங்களில் இறுகும். அதே வேகத்தில் தளரவும் செய்யும். வீக்கம் மணிக்கணக்கில் ஏறி நாள்கணக்கில் வடியும். சளி அடைப்பை நேரடியாகக் கரைத்துவிடும் நம்பகமான மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. குழாய்க்குள் சீராக ஓடும் காற்றுக்கு ஏற்படும் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு. பெரியவருக்கு வெறும் தொந்தரவாக முடிகிற வீக்கம் மூன்று வயதுக் குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினை ஆவது இந்தக் கணக்கினால்தான்.

இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சுதான் அதிகம் அடைபடுகிறது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கால்பங்கு மட்டும் விட்டு, அதன் மேலேயே மறுபடி இழுத்துப் பாருங்கள். மூன்றாவது நான்காவது மூச்சில் நெஞ்சு உப்பி, இழுக்க இடமே இல்லாமல் போகும். ஆஸ்துமாக் குழந்தை அந்த நிலையில் மணிக்கணக்காக இருக்கிறது. வென்டிலேட்டர் பூட்ட டாக்டர்கள் தயங்குவதும் இதனால்தான். இயந்திரம் காற்றை உள்ளே தள்ளும். வெளியே உறிஞ்சி எடுக்காது. உப்பிய நுரையீரலில் மேலும் தள்ளினால் அது கிழியலாம், இரத்த அழுத்தம் சரியலாம். ஆகவே வார்டில் கொடுக்கும் மருந்துகள் அனைத்துக்கும் குறி ஒன்றுதான்: குழந்தை வென்டிலேட்டர் வரை போகாமல் பார்த்துக்கொள்வது.

தசையைத் தளர்த்தும் கலை நூறாண்டைத் தாண்டியது. ஜோகிச்சி தகாமினே 1901இல் அட்ரினலினைத் தூய்மையாகப் பிரித்துக் காட்டினார். 1903இலேயே அதை ஆஸ்துமாவுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். மூச்சு திறந்தது, கூடவே இதயமும் தாறுமாறாக அடித்தது. பிறகு வந்த ஐசோபிரினலின் இரத்த அழுத்தத்தை அவ்வளவாக ஏற்றவில்லை, ஆனால் இதயத்தை விட்டுவைக்கவில்லை. 1955இல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மைசனிடம் அவருடைய 13 வயது மகள், தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி ஆஸ்துமா மருந்தை ஏன் தரக் கூடாது என்று கேட்டாளாம். அடுத்த ஆண்டே கையடக்க இன்ஹேலர் கடைக்கு வந்தது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு சீக்கிரம் பலித்த கேள்விகள் குறைவு.

அந்த வசதியே பத்தாண்டுக்குள் ஒரு பெரும் துயரத்தில் கொண்டுபோய் விட்டது. பிரிட்டனில் ஐசோபிரினலின் இன்ஹேலரின் 'ஃபோர்ட்டே' வகை விற்பனைக்கு வந்தது. சாதாரண இன்ஹேலரைப்போல ஐந்து மடங்கு வீரியம். 1959க்கும் 1966க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா மரணம் ஏறத்தாழ எட்டு மடங்கானது. 1966இல் அந்த வயதில் நிகழ்ந்த மொத்த மரணங்களில் 7 சதவீதம் ஆஸ்துமாவால். ஸ்பைசர், டால், ஹீஃப் மூவரும் 1968இல் இதை எழுதினார்கள். புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களில் ஒருவரான அதே ரிச்சர்ட் டால்தான் இவர். எச்சரிக்கை போனது, கடையில் கேட்டவுடன் கிடைப்பது நின்றது, மரணங்களும் இறங்கின. வீரிய மருந்து இதயத்தைத் தாக்கியதா, அல்லது கையில் மருந்து இருக்கிறதே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரத்தைக் கடத்தியதா என்ற விவாதம் வெகுகாலம் நடந்தது. இரண்டும் சேர்ந்துதான் இருக்கும் என்பது என் கட்சி. 1976க்குப் பிறகு நியூசிலாந்தில் ஃபெனோடெரால் என்ற வேறொரு மருந்தை முன்னிட்டு ஏறக்குறைய இதே கதை மறுபடி நடந்தது.

இதயத்தைக் கூடியவரை தொடாமல் மூச்சுக்குழாயைக் குறிவைக்கும் மருந்து வேண்டும் என்ற தேடலில் பிறந்தது சால்பியூட்டமால். இங்கிலாந்தின் வேர் நகரில் டேவிட் ஜாக் தலைமையிலான குழு உருவாக்கி, 1969இல் சந்தைக்கு வந்தது. தசைச் செல்லின் மேலுள்ள பீட்டா-2 ஏற்பிகளில் இது ஒட்டிக்கொண்டதும் செல்லுக்குள் ஒரு சமிக்ஞைத் தொடர் ஓடி, தசை இறுக்கத்தை விடுகிறது. இன்று கடும் ஆஸ்துமாவோடு வரும் குழந்தைக்கு ஆக்சிஜனோடு சேர்த்து 20 நிமிடத்துக்கு ஒரு முறை, முதல் மணி நேரத்தில் மூன்று தடவை இதைத்தான் கொடுக்கிறார்கள். கொடுத்த கொஞ்ச நேரத்தில் விரல் நுனியில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு சில சமயம் கொஞ்சம் இறங்கும். மருந்து நுரையீரலின் இரத்தக் குழாய்களையும் விரிப்பதால், காற்று இன்னும் போய்ச் சேராத பகுதிகளுக்கு இரத்தம் வீணாகப் பாய்வதன் விளைவு அது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் நிற்பவர்கள் பதறத் தேவையில்லை.

இரண்டாவது மருந்துக்குச் சென்னையோடு உறவு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தையைப் புகைத்தால் மூச்சிரைப்பு அடங்குகிறது என்று உள்ளூர் வைத்தியத்தில் கண்டு, தன் ஆஸ்துமாவுக்கும் அதைப் பயன்படுத்தினார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டு, சாயம் எடுக்கும் பூச்சி வளர்க்கப் பார்த்த அதே ஆண்டர்சன். அவரிடம் இதைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட், 1802இல் சரக்கோடு பிரிட்டனுக்குக் கப்பலேறினார். அங்கிருந்து பரவி, ஊமத்தை இலை சுருட்டிய 'ஆஸ்துமா சிகரெட்' இருபதாம் நூற்றாண்டு வரை மருந்துக்கடைகளில் விற்றது. நோய்க்குப் புகை பிடிக்கச் சொன்ன காலம்! ஊமத்தையில் உள்ள அட்ரோபின், மூச்சுக்குழாய்த் தசையை இறுகச் சொல்லும் வேகஸ் நரம்பின் ஆணையைத் தடுக்கிறது. அளவு மீறினால் கண்மணி விரியும், வாய் உலரும், புத்தி பேதலிக்கும். ஊமத்தங்காய் தின்றவர்களைப் பற்றி நம் கிராமங்களில் சொல்லப்படுபவை எல்லாம் நடக்கும்.

வேதியியலாளர்கள் அட்ரோபின் மூலக்கூறில் ஒரு சின்னக் கிளையைக் கூடுதலாக ஒட்டினார்கள். அதனால் மூலக்கூறு நிரந்தர மின்னேற்றம் பெற்றது; குழாயின் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள்ளோ மூளைக்குள்ளோ எளிதில் போக முடியாமல் இழுத்த இடத்திலேயே தங்கிவிட்டது. அதுதான் இப்ராட்ரோபியம். ஊமத்தையின் குணம் முழுக்கப் போய்விடவில்லை என்பதற்கு வார்டில் எப்போதாவது சாட்சி கிடைக்கும்: நெபுலைசர் மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் மருந்து ஒரு கண்ணில் பட்டால், அந்தக் கண்மணி மட்டும் பெரிதாக விரிந்து நிற்கும். காரணம் தெரியாத இளம் டாக்டர் மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று ஸ்கேனுக்கு எழுதப் போய்விடுவார்.

இந்த மருந்தைப் பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேரக் கணக்கு. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 434 குழந்தைகளில் பாதிப்பேருக்குச் சால்பியூட்டமாலோடு இப்ராட்ரோபியமும் சேர்த்துக் கொடுத்தார்கள். வார்டில் சேர்க்க வேண்டிவந்தவர்கள் 36.5 சதவீதத்திலிருந்து 27.4 சதவீதமாகக் குறைந்தார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களிடம் பலன் இன்னும் அதிகம். சரி, வார்டில் சேர்ந்த பிறகும் தொடர்ந்து கொடுத்தால்? தனியாகச் சோதித்தபோது பலன் ஒன்றும் தெரியவில்லை. குழந்தைகள் ஒரு மணி நேரம்கூட முன்னதாக வீடு திரும்பவில்லை. முதல் மணி நேரத்தில் தசை இறுக்கம் பெரிது; வார்டுக்குப் போவதற்குள் வீக்கமும் சளியும் மேலோங்கிவிடுகின்றன; நரம்பின் ஆணையைத் தடுத்து அப்போது என்ன லாபம் என்பதுதான் இதற்குப் பொருந்தி வரும் விளக்கம். ஒரே மருந்து, ஒரே குழந்தை; காலையில் பயன்பட்டது மாலையில் பயன்படவில்லை.

ஸ்டீராய்டின் கணக்கு இதற்கு நேர் மாறு. வீக்கத்தை வடிப்பது அதன் வேலை. செல்லின் உட்கருவுக்குள் போய், எந்த மரபணு எவ்வளவு புரதம் செய்வது என்பதையே மாற்றியமைக்க வேண்டியிருப்பதால் பலன் தெரிய மூன்று நான்கு மணி நேரமாவது பிடிக்கும். பலன் மெதுவாக வரும் மருந்து என்பதாலேயே அதை எல்லாவற்றுக்கும் முன்னால் கொடுத்துவிட வேண்டும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால், எட்டு பேருக்கு ஒருவர் வீதம் வார்டில் சேர்வது தவிர்க்கப்படுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு கணக்கிட்டது. நம் ஊரில் இதில் ஒரு பிடிவாதம் உண்டு. 'ஊசி போட்டாத்தான் டாக்டர் சீக்கிரம் கேக்கும்' என்று பெற்றோர் கேட்பார்கள். குழந்தை விழுங்கக்கூடிய நிலையில் இருந்து, வாந்தியும் எடுக்காவிட்டால், வாய்வழி பிரெட்னிசலோன் ஊசிக்குச் சமமாகவே வேலை செய்கிறது. உடம்பு எடைக்கு ஏற்ற அளவில் மூன்று முதல் ஐந்து நாள் கொடுப்பார்கள். அதன் கசப்பைப் பிள்ளைகள் துப்பிவிடுவதால், ஒன்றிரண்டு வேளையில் முடிந்துவிடும் டெக்சாமெத்தசோனைப் பல மருத்துவமனைகள் விரும்புகின்றன. பலனில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் வருகிற அச்சம் மாதக்கணக்கில் விழுங்குவதற்குப் பொருந்தும், இந்தச் சில நாள்களுக்குப் பொருந்தாது.

இவை மூன்றோடு பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுவார்கள். தேறாதவர்களுக்காக எடுக்கப்படுகிற அடுத்த மருந்து, பல இடங்களில், மக்னீசியம் சல்ஃபேட். எப்சம் உப்பு என்று பேதிக்குக் கொடுத்த அதே பொருள். பிரசவ வார்டில் வலிப்பு வராமல் தடுக்கவும் போடுவார்கள். தசை இறுகக் கால்சியம் செல்லுக்குள் புக வேண்டும். மக்னீசியம் அந்த வழியை மறிக்கிறது. 20 நிமிடம் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். உடம்பு சூடாகச் சிவக்கும், இரத்த அழுத்தம் சற்று இறங்கலாம். அதனால் பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும். இதைக் கொடுத்தால் வார்டில் சேர்வது வெகுவாகக் குறைகிறது என்று 2016இல் காக்ரேன் தொகுப்பு சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த முடிவு மூன்று ஆய்வுகளிலிருந்து, மொத்தம் 115 குழந்தைகளிடமிருந்து வந்தது. ஊசி வேண்டாம், நெபுலைசரிலேயே மக்னீசியம் வைத்தால் என்ன என்று கனடாவில் 816 குழந்தைகளிடம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். மக்னீசியம் பெற்றவர்களில் 43.5 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 47.7 சதவீதம் பேரும் வார்டில் சேர்ந்தார்கள். தற்செயலாகவே நேரக்கூடிய வித்தியாசம் அது. பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. பலன் தெரிந்த முறைக்குப் பெரிய ஆய்வு இல்லை.

அமினோஃபிலினுக்கு வயது அதிகம். ஆஸ்துமாவோடு வாழ்ந்த ஆங்கில மருத்துவர் ஹென்றி ஹைட் சால்டர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கடுங்காப்பியைப் பரிந்துரைத்தார்; காப்பியிலுள்ள கஃபீனும் அமினோஃபிலினின் மூலமான தியோஃபிலினும் நெருங்கிய உறவு. 1888இல் ஆல்பிரெக்ட் கோசெல் தேயிலையிலிருந்து தியோஃபிலினைப் பிரித்தார். நம் கிளினிக்குகளில் வெகுகாலமாகப் புழங்கும் டெரிஃபிலின் ஊசியில் இருப்பதும் இதே குடும்பம். இதன் சங்கடம், பலன் தரும் அளவும் தீங்கு தரும் அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. கொஞ்சம் கூடினால் வாந்தி, இன்னும் கூடினால் இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு. அதனால் இதை ஓரங்கட்டிவிடலாம் என்ற நேரத்தில் மெல்போர்னில் 163 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. வென்டிலேட்டர் வரை போனவர்கள் ஐந்து பேர். ஐவருமே மருந்துப்போலி பெற்றவர்கள். அமினோஃபிலின் பெற்றவர்களில் ஒருவர்கூட இல்லை. ஐந்துக்குச் சுழியம் என்பதை நம்பி ஒரு சிகிச்சை முறையை எழுதலாமா? எழுதலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் அதே தாளைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

சால்பியூட்டமாலையே நரம்பு வழியாக ஏற்றுவது இன்னொரு வழி. இழுக்கிற மருந்து அடைபட்ட குழாய்க்குள் போகவில்லை என்றால் இரத்தத்தின் வழியாகப் போகட்டும் என்ற நியாயம்தான். இதில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது ஒரு கண்ணி. பீட்டா-2 ஏற்பிகள் தசையிலும் கல்லீரலிலும்கூட உண்டு. அங்கே அவை தூண்டப்படும்போது சர்க்கரை வேகமாக எரிந்து லாக்டிக் அமிலம் இரத்தத்தில் சேர்கிறது. பொட்டாசியம் செல்லுக்குள் ஓடிவிடுவதால் இரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது. அமிலம் ஏறிய உடம்பு அதை ஈடுகட்ட வேகமாக மூச்சு வாங்கும். மூச்சு வாங்குவதைப் பார்த்தவர் ஆஸ்துமா கூடுகிறது என்று நினைப்பார், சால்பியூட்டமாலைக் கூட்டுவார், அமிலம் இன்னும் ஏறும். நெஞ்சில் விசில் குறைந்து, காற்று நன்றாகப் போய்வந்து, மூச்சின் வேகம் மட்டும் குறையவில்லை என்றால் லாக்டேட் அளவைப் பார்க்க வேண்டும். சில குழந்தைகளுக்கு அந்தக் கட்டத்தில் தேவைப்படுவது மருந்தைக் குறைப்பது. அதைச் செய்ய, கூட்டுவதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் சைமன் கிரேக், நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் டால்ஸீல் முதலியோர் இந்தக் கூடுதல் மருந்துகளைப் பற்றிய 17 காக்ரேன் தொகுப்புகளை ஒன்றாக வைத்து 2020இல் பார்த்தார்கள். நரம்புவழி மக்னீசியத்துக்கு ஓரளவு நல்ல பெயர் மிஞ்சியது. எது வென்டிலேட்டரைத் தவிர்க்கும், எதை எதற்கு முன்னால் கொடுப்பது என்ற கேள்விகளுக்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. காரணங்கள் புரியாதவை அல்ல. அந்தக் கட்டம் வரை வருகிற குழந்தைகள் ஒரு மருத்துவமனையில் குறைவு. வந்தாலும், மூச்சுக்குத் திணறும் பிள்ளையின் தாயிடம் குலுக்கல் முறையில் மருந்து கொடுக்கப் போகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று எந்த நேரத்தில் கேட்பது? வென்டிலேட்டர் வரை போவது அபூர்வம் என்பதால் அதை அளவுகோலாக வைத்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் வேண்டும். எத்தனை நாள் தங்கினார்கள் என்று கணக்கிட்டால் அது மருந்தை அளக்கிறதா, மருத்துவமனையின் பழக்கத்தை அளக்கிறதா என்ற சந்தேகம் வரும். இரவு இரண்டு மணிக்குத் தேறிவிட்ட குழந்தை காலை ரவுண்ட்ஸ் முடிந்துதானே வீட்டுக்குப் போகிறது!

வீடு திரும்புவதற்கு வைத்திருக்கும் அடையாளம் எளிமையானது. ஒரு மணிக்கு ஒரு தடவை தேவைப்பட்ட சால்பியூட்டமால் இரண்டு மணிக்கு ஒரு தடவை, பிறகு மூன்று நான்கு மணிக்கு ஒரு தடவை போதும் என்றாகிவிட்டால் புறப்படலாம். இந்தக் கட்டத்தில் 'மெஷின் வைக்கிறதை' நிறுத்திவிட்டு இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையில் கொடுப்பார்கள். பல பெற்றோர் முகம் சுளிப்பது இங்கேதான். புகை வருகிற மெஷினுக்கு இருக்கும் மரியாதை பிளாஸ்டிக் குடுவைக்கு இல்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தான நிலையில் இல்லாத குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஸ்பேசர் நெபுலைசருக்குக் குறைந்ததாக இல்லை. அவசரப் பிரிவில் தங்கும் நேரம் குறைந்தது, இதயத் துடிப்பும் அவ்வளவு ஏறவில்லை. குடுவையைச் சோப்பு நீரில் அலசித் துடைக்காமல் காயவிட வேண்டும் என்பார்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்துத் துளிகளைச் சுவரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஸ்பேசர் வாங்க முடியாதவர்களுக்காக, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழந்தை மருத்துவர் ஹெதர் சார் 1990களில் ஒரு சோதனை செய்தார். 500 மில்லி குளிர்பான பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடுக்கில்லாமல் ஒட்டி, ஆஸ்துமா வந்த 5 முதல் 13 வயதுக் குழந்தைகளுக்கு அதன் வழியாக மருந்து கொடுத்தார்கள். சிலருக்குக் கடையில் விற்கும் ஸ்பேசர், சிலருக்கு ஒட்டாத பாட்டில், சிலருக்கு நுரைப் பிளாஸ்டிக் கோப்பை. 1999இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஒட்டிய பாட்டில் கடை ஸ்பேசருக்குச் சமம். ஒட்டாத பாட்டில் சுமார். கோப்பை தேறவில்லை.